குச்சி நட்ட இடத்துச் சேறு

திண்டிவனம்
20.1.2026

அன்புள்ள கோகுலுக்கு,

வேணி எழுதுவது. நானும் பொன்னியும் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய். வாட்ஸ்அப்பில் புதுப் படம் போட்டிருக்கிறாய், கன்னம் நன்றாக உப்பியிருக்கிறது. குஜராத் சாப்பாடு ஒத்துக்கொண்டுவிட்டது போல.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று முகம் சுளிக்காதே. போனில் நான் வாயைத் திறந்தால் உனக்கு உடனே மீட்டிங் வந்துவிடுகிறது. மெசேஜ் போட்டால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால் ஒரு யோசனை செய்தேன். நீ கேட்ட ஸ்லைடுகளின் மேலேயே கடிதத்தை வைத்துக் கட்டிவிட்டால், பூச்சியைப் பார்க்கிற ஆசையிலாவது பெட்டியைத் திறப்பாய். பெண்டாட்டி எழுதியதும் கையில் தட்டுப்படும்.

கல்யாணத்துக்கு முன்னால் ஆராய்ச்சிக் கூடத்தில் உன்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டேன். ஒலக்கூரில் உன் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து 'நீங்க' என்று மாற்றிக்கொண்டேன். கடிதத்தில் பழையபடி நீ. அத்தை இதைப் படிக்கப்போவதில்லை.

பெட்டியில் தை முதல் ஆனி வரைக்கும் ஆறு மாதத்து ஸ்லைடுகள் இருக்கின்றன. மீதி மாதங்களின் பூச்சிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் எனக்கு மைக்ரோஸ்கோப் கொடுக்க எங்கள் துறைத் தலைவிக்கு மனசே இல்லை. கெஸ்ட் லெக்சரருக்கு ஆராய்ச்சி எதற்கு என்று நேராகவே கேட்டார். பாடம் முடிந்த பிறகு, ஃப்யூஸ் போனால் நானே பொறுப்பு என்று சொல்லி வாங்கியிருக்கிறேன். எண்ணி முடித்து விழுப்புரத்தில் ரயிலைப் பிடித்துத் திண்டிவனம் வந்து சேரும்போது பொன்னி என் அம்மாவின் மடியில் பாதித் தூக்கத்தில் இருக்கிறாள். பாவம் அம்மா, கெடாரில் அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு என் பிள்ளைக்குக் காவல் இருக்கிறாள்.

அன்றைக்கு அம்மா கேட்டாள், "நாலு வருஷமா இந்த டப்பாங்கள தூக்கிக்கினு திரியிறியே, உள்ள என்னாதான் கீது?" என்று. மைக்ரோஸ்கோப்பில் எடுத்த வீடியோவைப் போனில் காட்டினேன். மணலுக்கும் மணலுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் குடியிருக்கும் நூற்புழு, ஓட்டுக்குள் சுருண்டு கிடக்கும் ஒற்றைச் செல் ஜீவன், இறால் குஞ்சு போலக் காலும் மீசையுமாக இருக்கும் துக்கடா. பிடிக்கும்போது உயிரோடு இருந்தவை எல்லாம் சாயம் குடித்து ரோஜா நிறத்தில் இருந்தன. "ஒரு பிடி சேத்துல இம்மாம் ஜனமா, கர்த்தரே" என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நம் ஆராய்ச்சிக்கு இதுவரை கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

பேராசிரியர் சக்கரபாணி மரக்காணத்துக் கழுவெளி ஏரியின் சேற்றுத் திட்டை நமக்குப் பங்கு பிரித்துக் கொடுத்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற அந்தத் திட்டு முழுக்கச் சுற்றி, எங்கே எந்த உயிர் இருக்கிறது என்று ஒரே நாளில் எடுப்பது உன் வேலை. ஒரே இடத்தில் எடுத்து, மாதத்துக்கு மாதம் என்ன மாறுகிறது என்று பார்ப்பது என் வேலை. "இடம் கோகுலுக்கு, காலம் வேணிக்கு" என்றார், ஏதோ சொத்து எழுதி வைப்பவர் போல. நான் ஒரு சவுக்குக் குச்சியை நட்டு, வருஷம் முழுக்க அதன் அடியிலேயே முழங்கால் சேற்றில் நின்று சேறு எடுக்கும் குழாயைச் சொருகினேன். நீ ஒரு நாள் வெயிலில் சுற்றி டாக்டர் ஆனாய். நான் ஒரு வருஷம் சேற்றில் நின்று கெஸ்ட் லெக்சரர் ஆனேன்.

இதைச் சொன்னால், முதலில் ஒருத்தர் முடிக்கலாம் என்று சேர்ந்துதானே முடிவு செய்தோம் என்பாய். சேர்ந்துதான் முடிவு செய்தோம். அந்த ஒருத்தர் யார் என்பதை மட்டும் நீ முடிவு செய்தாய்.

புயல் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது நான் மெத்தையை விட்டுவிட்டு அந்தச் சேற்று ஜாடிகளைத்தான் பரணில் ஏற்றினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது உன் கட்டுரையைப் படித்தவர்கள், ஒரு நாள் கணக்கு போதாது, வருஷக் கணக்கு வேண்டும் என்று திருப்பி அனுப்பியதும் உனக்கு அந்த ஜாடிகள் நினைவுக்கு வந்தன. "அந்த சேத்து டப்பாங்கள்லாம் இன்னும் இருக்குதா வேணி?" என்று கேட்டாயே, அந்தக் குரலில் இருந்த பாசத்தைப் பொன்னி பிறந்தபோதுகூட நான் கேட்டதில்லை. ஆனாலும் எண்ணித் தருகிறேன். கட்டுரை வந்தால் வேலை நிரந்தரம், நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸ் கிடைத்தால் எங்களை அழைத்துக்கொள்வாய் என்று சொல்லியிருக்கிறாய். பொன்னி ரயில் படமாக வரைந்து தள்ளுகிறாள். என் பெயரைக் கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் போடுவதாகச் சொன்னாயே, அதை மட்டும் கொஞ்சம் யோசி. மைக்ரோஸ்கோப் கொடுத்த துறைத் தலைவிக்கும் அங்கேதான் நன்றி சொல்லப்போகிறாய்.

பொங்கலுக்கு ஒலக்கூரிலிருந்து ஆட்டோ வந்தது. குழந்தையை மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். உன்னிடம் சொன்னதற்கு, அம்மா அப்படித்தான், கண்டுக்காதே என்றாய். கண்டுகொள்ளவில்லை. புதுக் கவுனும் ஒரு பை வறுத்த மல்லாட்டையுமாகத் திரும்பி வந்தவள், "நீ ஏம்மா ஆயா ஊட்டுக்கு வர்ல?" என்றாள். கெடாரில் நான் எந்தத் தெருவில் பிறந்தேன் என்பதை நாலு வயசுப் பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்வது? பரவாயில்லை, உன் அம்மாவே ஒருநாள் சொல்லிவிடுவார்.

கூரியர் ஆபீஸில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். கண்ணாடி என்றேன். கண்ணாடியில் என்ன என்றார்கள். பூச்சி என்றேன். "பேஜாரு புடிச்ச பார்சலா இருக்குதே" என்றபடி அந்த ஆள் விரல் நுனியில் பிடித்து உள்ளே வைத்தார். நீயாவது இரண்டு கையால் பிடித்து வாங்கு.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
வேணி


திண்டிவனம்
16.2.2026

அன்புள்ள கோகுல்,

பெட்டி கிடைத்ததும் 'ஸ்லைடு பத்திரம்' என்று அனுப்பினாய். கடிதம் பத்திரமா என்று தெரியவில்லை. போகட்டும், இன்றைக்கு எனக்குக் கோபம் இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. பொன்னிக்குச் சளி விட்டுவிட்டது. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏறும்போது மாதாவைக் கூப்பிடுகிறாள். அத்தைக்கு விழுப்புரத்தில் கண் ஆபரேஷன் நடந்ததை உன்னிடம் சொல்லியிருப்பார்கள். கூட யார் இருந்தார்கள் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். அறுவடை நேரம், வீட்டில் ஆள் இல்லை என்று எனக்குத்தான் போன் வந்தது. கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் போய் இருந்தேன். கண்ணில் கட்டு இருந்தவரை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். கட்டை அவிழ்த்ததும் விட்டுவிட்டார். பார்வை நன்றாக வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார், எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

இப்போது நம் விஷயம். போனில் பாதிதான் சொன்னேன், முழுதாக எழுதுகிறேன்.

தை முதல் புரட்டாசி வரைக்கும் என் குச்சியடிச் சேற்றில் ஒரே கூட்டம்தான் இருந்தது. கொழுத்த நூற்புழுக்கள், சேற்று நிறத்து ஓட்டு ஜீவன்கள். தையிலும் மாசியிலும் சந்தைக் கூட்டம் மாதிரி நெரிசல். சித்திரை வெயிலில் உப்பளத்துப் பக்கம் உப்பு ஏற ஏறக் கூட்டம் கரைந்தது. முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டு கடல் உள்ளே வராமல் போனபோது, ஒரு ஸ்லைடு முழுக்கத் தேடினாலும் ரோஜா நிறம் கண்ணில் படவில்லை. ஆடியில் ஒரு மழை பெய்தது, மறுபடி தலைகாட்டின. கூடுவதும் குறைவதுமாக இருந்தாலும் குடும்பம் அதே குடும்பம்தான்.

ஐப்பசி ஜாடியைத் திறந்து பார்த்தேன், தூக்கிவாரிப் போட்டது. பழைய ஆட்கள் ஒருவர்கூட இல்லை. எல்லாம் மயிரிழை போல ஒல்லியான, நீளமான புழுக்கள். கால் முளைத்த துக்கடாக்கள் கும்பல் கும்பலாக. மணலில் வாழ்கிற ஜாதி. கார்த்திகையிலும் அவைதான், மார்கழியிலும் அவைதான். நானே நம்பாமல் திரும்பத் திரும்ப எண்ணினேன். அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்ததே, ஏரி நிரம்பி முகத்துவாரம் உடைந்து, வெள்ளம் சேற்றை அடித்துக்கொண்டு போக, கடல் மணலைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது, மணலோடு அதன் குடிகளும் வந்து இறங்கிவிட்டார்கள் என்று தோன்றியது. ஒரு மழைக்காலத்தில் ஊரே மாறியிருக்கிறது, யாரும் இதுவரை பார்க்கவில்லை, நான் பார்த்திருக்கிறேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது கோகுல்.

அன்று மெசேஜ் அனுப்பிய உடனே நீயாகவே கூப்பிட்டாய். "செம வேணி, இதான் பேப்பரே, மேப் எல்லாம் சும்மா" என்றாய். என் பெயரை உன் பெயருக்கு அடுத்துப் போடப் பேராசிரியரும் ஒத்துக்கொண்டார் என்றாய். மீட்டிங் எதுவும் வராமல் அரை மணி நேரம் பேசினாய். எங்கே எங்களுக்கு வீடு கிடைக்கும், பக்கத்தில் பள்ளிக்கூடம் எது என்றெல்லாம் சொன்னாய். மறுநாள் ரயிலில் விழுப்புரத்திலிருந்து நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததாகவே தெரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்று மாதமும் சேறு எடுக்கப் போனது நான் இல்லை, நீதான். என் வயிற்றில் பொன்னி கனத்திருந்தாள், படகில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதம் விட்டாலும் என் கணக்கு பாழாகிவிடும் என்று நான் அழுதேன். "நீ படுத்துக்க, நான் போயிட்டு வர்றேன்" என்று கொட்டுகிற மழையில் மரக்காணம் பஸ்ஸில் ஏறிப் போனாய். ஜாடியைக் கொண்டுவந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாய். உன்மேல் எனக்கு எத்தனையோ ஆத்திரம் வந்திருக்கிறது. அப்போதெல்லாம் அந்த மூன்று ஜாடிகளை நினைத்துக்கொள்வேன். இவன் எனக்காக மழையில் சேற்றில் இறங்கினவன் என்று சொல்லிக்கொண்டு ஆறிவிடுவேன். அது இல்லாவிட்டால் இந்த நாலு வருஷத்தை எப்படித் தள்ளியிருப்பேன் என்று தெரியவில்லை.

கட்டுரைக்குக் குச்சி நட்ட இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். குச்சி இன்னும் இருக்கிறதோ இல்லையோ, வரும் ஞாயிறுகளில் ஒன்றில் போய்ப் பார்க்கிறேன். பொன்னியையும் கூட்டிப் போகிறேன், அப்பா இறங்கின சேற்றைப் பார்க்கட்டும். இந்தப் பெட்டியில் ஆடி முதல் புரட்டாசி வரைதான் வைத்திருக்கிறேன். நீ எடுத்து வந்த ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஸ்லைடுகளைப் படத்தோடு சேர்த்து அப்புறம் அனுப்புகிறேன். கைவிட்டு அனுப்ப மனசு வரவில்லை.

பொன்னி வரைந்த ரயில் ஒன்றும் உள்ளே இருக்கிறது. ஜன்னலில் தெரிகிற இரண்டு தலை நாங்கள். ஸ்டேஷனில் நிற்கும் பெரிய தலை நீ.

என்றும் உன்,
வேணி


திண்டிவனம்
9.3.2026

கோகுலுக்கு,

பொன்னிக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள். அம்மாவும் அப்படியே இருக்கிறாள். இந்த முறை வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு நானும் பொன்னியும் மரக்காணம் பஸ்ஸில் போனோம். படகுக்காரர் தேவா படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பொன்னியைத் தூக்கிப் படகில் உட்கார வைத்துவிட்டு, எங்கே போக வேண்டும் என்று கேட்காமலே தள்ளினார். தண்ணீர் வற்றுகிற நேரம். என் குச்சி இருந்தது. தலை உடைந்து, சிப்பி அப்பி, இடுப்பு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. நான் இறங்கிப் படம் எடுத்தேன். பொன்னிக்கு முழங்கால் தாண்டிச் சேறு, ஒரே சிரிப்பு.

அப்பா மழையில் வந்து நின்ற இடம் இதுதான் என்று அவளுக்குக் காட்டினேன். தேவா துடுப்பை வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார், "யக்கா, அண்ணன் எங்க இம்மாந்தூரம் வந்துச்சு? படகுலயே ஏறல. தொறையிலயே நின்னுக்கினு குழாய சொருவும். ஷூவக்கூட கயட்டாது. எல்லாம் ஒரே சேறுதான் தேவா, ஜல்தி போலாம்னும்." மூன்று முறையுமா என்று கேட்டேன். மூன்று முறையும் என்றார். அவர் உன்னைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்திருக்கிறார்.

நான் உடனே நம்பிவிடவில்லை. ஆளுக்கு ஆள் ஞாபகம் பிசகும். அன்றைக்கே குச்சியடியில் ஒரு பிடி, துறையில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வந்தேன். கல்லூரியில் சலித்துச் சாயம் போட்டு வைத்து, அடுத்த நாள் பார்த்தேன். குச்சியடியில் என் பழைய ஆட்கள், கொழுத்த புழுவும் ஓட்டு ஜீவனும். துறையில் மணல், மணலுக்குள் மயிரிழைப் புழுவும் கால் முளைத்த துக்கடாவும். உன் ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும் அங்கே அப்படியே இருந்தன, இந்த மாசி வெயிலில், ஒரு சொட்டு மழை இல்லாமல். கூப்பிடு தூரம்தான். அதற்குள் இரண்டு ஊர்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். லேப் அசிஸ்டன்ட் என் கண்ணில் ஃபார்மலின் பட்டுவிட்டது என்று பதறித் தண்ணீர் கொண்டுவந்தார். ஆமாம் என்று சொல்லிக் கழுவிக்கொண்டேன்.

எல்லாம் ஒரே சேறு இல்லை கோகுல். ஒரு கை தள்ளி எடுத்தால் வேறு உயிர் இருக்கும் என்று உன் ஆராய்ச்சிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியவனே நீதான். அதற்குத்தான் உனக்குப் பட்டம் கொடுத்தார்கள். உன் சேறு என்றால் அடிக்கு அடி வேறாக இருக்கும், பெண்டாட்டியின் சேறு என்றால் எங்கே எடுத்தாலும் ஒன்றுதான், அப்படித்தானே? முடியவில்லை, மழை, போகப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மூன்று மாதத்தைக் காலியாக விட்டிருப்பேன். காலியாக விட்டால் குறை, அவ்வளவுதான். நீ நிரப்பிக் கொடுத்தாய்.

காலம் மாறியதால் உயிர்கள் மாறின என்று துள்ளிக் குதித்தேன். காலம் ஒன்றும் செய்யவில்லை, இடம்தான் வேறு. உன் விஷயத்திலும் இப்படியே ஏமாந்திருக்கிறேன். குஜராத் போன பிறகு அவர் மாறிவிட்டார் என்று அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். நீ எங்கே மாறினாய்? பதிவாளர் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட அன்று, வீட்டில் சொல்லிவிட்டேன், கோபம் அடங்கிவிடும் என்றாய். நீ சொல்லவே இல்லை என்பது ஒலக்கூர் வாசலில் என் பெட்டியோடு நான் நின்றபோதுதான் தெரிந்தது. உன் அம்மா எனக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்ததைப் பார்த்தாய், பார்த்துவிட்டுப் போன் வந்த மாதிரி வெளியே போனாய். பொங்கலுக்கு ஆட்டோ வந்தால் கண்டுக்காதே என்கிறாய். ஆரம்பத்திலிருந்து நீ துறையில்தான் நிற்கிறாய், ஷூவைக் கழற்றாமல். நான்தான் உன்னை என் குச்சிக்குப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

உன்னைத் திட்டி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். திட்ட வரவில்லை. அந்த மூன்று ஜாடிகளை நினைத்து ஆறிக்கொள்வேன் என்று சொன்னேனே, இனி எதை நினைத்து ஆறுவது என்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

இதை வெளியே சொன்னால் என்னென்ன போகும் என்று எனக்குத் தெரியும். நீ செம என்று சொன்ன கட்டுரை போகும். உன் வேலை நிரந்தரமாவது தள்ளிப் போகும், அல்லது போயே போகும். குவார்ட்டர்ஸ் போகும். பொன்னியின் ரயில் போகும். என் பெயர் முதல்முறையாக அச்சில் வரப்போகிறது, அதுவும் போகும். வாயை மூடிக்கொண்டு ஸ்லைடை அனுப்பிவிட்டால் எல்லாம் கிடைக்கும், நம் இருவரையும் தேவாவையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. நாலைந்து நாள் அப்படியே செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உன் பக்கத்தில் வந்து இருக்க ஆசைதான்.

ஆனால் மழை வந்தால் சேற்று உயிரெல்லாம் தானாகப் போய்விடும், வேறு உயிர் தானாக வந்துவிடும் என்று நாம் எழுதிவைத்தால், நாளைக்கு அந்தத் திட்டில் மண்ணைக் கொட்டிக் கட்டடம் எழுப்ப வருகிறவன் அதைத்தான் காட்டுவான். வேணி என்கிற ஒருத்தி வருஷம் முழுக்க நின்று பார்த்துச் சொன்னாள் என்பான். அந்தப் பெயரோடு உன் குவார்ட்டர்ஸில் குடியிருக்க என்னால் ஆகாது.

பெட்டியில் மூன்று மாதத்து ஸ்லைடுகளையும் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் மேலும் 'படகுத்துறை மணல்' என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். குச்சியின் படமும் இருக்கிறது. பேராசிரியருக்கு நான் எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. நீ எழுத வேண்டும், அதனால் எழுதவில்லை. மூன்று மாதம் தப்பு, எடுத்தது நான், இடம் வேறு என்று உன் வாயால் அவரிடம் சொல். மீதி ஒன்பது மாதம் நல்ல கணக்கு. அதை வைத்துச் சின்னதாக ஏதாவது எழுதலாம், பெரிய பேர் வராது, வந்தது நிற்கும்.

சொல்ல முடியாது என்றால் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. எடுக்கும்போது எங்கள் இருவரையும் சேர்த்தே எடுத்துவிடு. பொன்னியிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். கெடார் தெருவைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது, இதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

வருகிற ஐப்பசி தொடங்கி, விட்டுப்போன மூன்று மாதத்தையும் நான் மறுபடி எடுக்கப்போகிறேன். இந்த ஐப்பசி அந்த ஐப்பசிக்கு ஈடாகாது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் எடுப்பேன். பழையதற்குப் பக்கத்தில் புதுக் குச்சி நட தேவா கழி வெட்டி வைக்கிறேன் என்றார். நான் போகும் நாளை உனக்குச் சொல்கிறேன். அங்கே குஜராத்தில், பாவ்நகரில் ரயில் ஏறினால் ஒருநாள் விழுப்புரத்தில் இறங்கத்தானே வேண்டும்? உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வராதே. நேராகத் துறைக்கு வா.

குளிரோ வெயிலோ, உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குத் தூங்கு. என் தெய்வமும் உன் அம்மாவின் தெய்வமும் உன்னைக் காப்பாற்றட்டும்.

வந்தால் ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கு. கால் சேறானால் கழுவிக்கொள்ளலாம், தண்ணீர் நான் எடுத்து வைக்கிறேன்.

வேணி